அடி வழித்த கிரீம்

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் கரித்துண்டுக் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனில் நீ 'ம்' கொட்டுவாய், நான் கத்துவேன். நான் வேலை செய்கிற பார்லரில் தலைகழுவ உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் நம் வீட்டுக் கதையை இலவசமாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். லாரிக்கார மீசை வாராவாரம் உங்கள் ஊரைத் தாண்டித்தானே போகிறார். அவர் கையில் கொடுத்தால் ஆச்சு. மூன்றாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்தைப் பார்த்து நீ சிரித்த மாதிரியும் ஆச்சு.

இந்தக் காகிதம் சுற்றியிருக்கிற டப்பாவைப் பத்திரமாக வை. போன தடவை உன் கன்னத்தில் கருத்த மங்குத் திட்டைப் பார்த்து எனக்கு மனசே சரியில்லை. பஸ் நிலைய விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறவளுக்கு முகம்தானே சோறு போடுகிறது. 'பஸ் எத்தனை மணிக்கு?'ன்னு கேட்க வர்றவன் 'கன்னத்துல என்னம்மா?'ன்னு கேட்டுட்டுப் போறான் என்று நீதானே சொன்னாய்.

இந்தக் கிரீமை முதலாளியம்மா பின்கட்டில் அவர்களே கலக்குகிறார்கள். பேர் ஒட்டாத டின்னிலிருந்து வெள்ளைப் பொடியைக் கொட்டுவார்கள். குண்டானில் கிண்டுவதும் டப்பாவில் நிரப்புவதும் நான். நிரப்பி முடித்த பிறகு அடியில் ஒட்டியிருப்பது கிண்டினவளுக்கு. அது எங்கள் கடை வழக்கம். பொடியெல்லாம் அடியில்தான் போய் உட்காரும், அதனால் அடியில் வழித்ததுதான் கெட்டி. பணக்கார அம்மாக்களுக்கு மேல்தண்ணி, என் தங்கச்சிக்கு அடிக்கெட்டி! அக்கா என்றால் சும்மாவா?

கரித்துண்டுக்கு என் முத்தம். என் கருப்பு அவளுக்கு ஒட்டிக்கொள்ளாது, ஏற்கனவே இருக்கிறது என்று சொல்.

அக்கா

---

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது கொடுத்ததாகச் சொல்கிறாயா?

டப்பா வந்தது. நாலு வாரத்தில் மங்கு பாதி போய்விட்டது. பக்கத்து சீட்டில் இருப்பவள் என்ன போடுகிறாய் என்று விடாமல் கேட்கிறாள். தூக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் பூசும்போதெல்லாம் உன் செல்லம் பக்கத்தில் வந்து நிற்கிறாள். நேற்று, "அம்மா, இது கரிக்கும் வேலை செய்யுமா?" என்றாள். பள்ளியில் வகுப்புப் படம் எடுத்தார்களாம். "நீ பின்னாடி நில்லு, எப்படியும் தெரிய மாட்ட" என்று ஒரு பெண் சொன்னாளாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவது உன்னிடமிருந்து வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

---

மார்ச் 2

என் வெள்ளைத் தங்கச்சிக்கு, கருப்பு அக்கா.

முழங்கால் இருக்கிறது, இரண்டும் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் படம் எடுத்த கதையைப் படித்துவிட்டு இரண்டு அம்மாக்களின் தலையைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்துவிட்டேன். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்! கரித்துண்டிடம் சொல்: ஒன்பது வயதில் நான் இருந்த நிறத்துக்கு அவள் சுண்ணாம்பு. என் நிறம் உன் வயிற்றில் வந்து பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஆடின ஆட்டத்தை நர்சம்மாவைக் கேள்.

இந்த முறை இரண்டு டப்பா. ஒன்று உனக்கு. இன்னொன்றில் கரித்துண்டுக்கும் ஒரு பூச்சு பூசிப் பாரேன், உள்ளே நிலா இருக்கிறதா, அங்கேயும் கரிதான் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்!

இங்கே ஒரு வேடிக்கை. கிண்டிக் கிண்டி என் கை இரண்டும் வெளுத்துவிட்டது. யாருடைய கையையோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இரவல் கை என்பதால் சொன்ன பேச்சும் கேட்பதில்லை. டம்ளரைப் பிடித்தால் லேசாக ஆடுகிறது. எழுத்தும் கோழி கிளறின மாதிரி போகிறது, பொறுத்துக்கொள்.

அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை. முதலில் காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருந்தது. அதிகம் தூங்குகிறாள் என்று நினைத்தோம். பிறகு சாக்ஸைக் கழற்றினால் காலில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. மூத்திரம் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கிறது. டாக்டர் ஒரு குச்சியை நனைத்துப் பார்த்து மூன்று பிளஸ் என்றார். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் இறங்கிக்கொண்டிருக்கிறதாம். சிறுநீரகம் வடிகட்டி மாதிரியாம், அதில் கண் பெரிதாகிவிட்டதாம்.

உடனே பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். சில பிள்ளைகளுக்கு நாளெல்லாம் நின்றாலே கொஞ்சம் இறங்குமாம், படுத்தால் நின்றுவிடுமாம். அதனால் காலையில் எழுந்ததும் வருகிற முதல் மூத்திரத்தைப் பிடித்துவரச் சொல்லியிருக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. என் மங்கு முழுக்கப் போய்விட்டது.

தங்கை

---

ஏப்ரல் 28

தங்கச்சி, நல்லா இரு. முதலில் அழுகையை நிறுத்து. நீ எழுதவில்லை என்றாலும் காகிதம் ஒரு மூலையில் நனைந்து காய்ந்திருக்கிறது.

நின்றால் இறங்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன? அந்த டீச்சரம்மா பிள்ளையைப் பெஞ்சு மேல் நிறுத்துகிறாளா என்று விசாரி. கரித்துண்டு வாய்க்கு அவளை நிறுத்தாமல் யாரை நிறுத்துவார்கள்? நானும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருக்கிறவள்தான். அந்தக் கணக்குக்கு என் மூத்திரத்தில் முழு முட்டையே மிதக்க வேண்டும்.

கடைக்கு வருகிற அம்மாக்களிடம் கேட்டேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருத்தி, "காய்ச்சல் வந்தாக்கூட இறங்கும்க்கா" என்றாள். இன்னொருத்தி, "என் பையனுக்கு ஓட்டப்பந்தயம் ஓடின அன்னைக்கு வந்துச்சு, ரெண்டு நாள்ல போயிடுச்சு" என்றாள். பார்த்தாயா, ஒன்றுமில்லாததற்கெல்லாம் வருகிற சமாச்சாரம் இது. காலை மூத்திரத்தில் ஒன்றும் இருக்காது, எழுதி வைத்துக்கொள்.

வீங்கின கண்ணோடு அவள் எப்படி இருக்கிறாள்? தவளை மாதிரியா? நான் கேட்டேன் என்று சொல், சிரிப்பாள்.

கிரீம் தீர்ந்திருக்கும். இன்னொரு டப்பா வைத்திருக்கிறேன்.

அக்கா

---

மே 30

அக்கா,

நீ சுகம்தானே? கையாட்டம் நின்றதா?

காலை மூத்திரத்திலும் மூன்று பிளஸ். நிற்பதால் வருவது இல்லை. நாலு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதிலேயே கேட்டுவிடுமாம். இவளுக்கு இம்மியும் அசையவில்லை. மாத்திரையில் முகம் உருண்டையாகிவிட்டது. தவளை என்று நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்க்கிறார். அவசரமே படாதவர். ஒவ்வொன்றாகக் கேட்டார். சமீபத்தில் தொண்டை வலி வந்ததா? தோலில் புண்? குளவி, தேனீ ஏதாவது கொட்டியதா? வலி மாத்திரை அடிக்கடி கொடுத்தீர்களா? நாட்டு மருந்து, சூரணம்? குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு? உடம்பில் எண்ணெய், களிம்பு, கிரீம் என்று ஏதாவது பூசுகிறீர்களா?

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

ஜூலையில் ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்.

டப்பா இனி அனுப்ப வேண்டாம். இருப்பதே போதும்.

தங்கை

---

ஜூன் 8

தங்கச்சிக்கு. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

டப்பா வேண்டாம் என்றதும் முதலில் கோபம்தான். சும்மா வருகிற அடிக்கெட்டியை வேண்டாம் என்கிறாளே, பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று திட்டிக்கொண்டே கிண்டினேன்.

நேற்று ஒரு அம்மா கடைக்கு வந்தாள். இரண்டு வருஷமாக டப்பா வாங்குகிறவள். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்தாள். டப்பாவை மேசையில் ஓங்கி வைத்து, "இதுல என்னத்தடி போட்ட? என் மூத்திரம் நுரைக்குது, உன் பொடிதான்னு டாக்டர் சொல்றாரு!" என்று கத்தினாள். முதலாளியம்மா அவளை உள்ளே கூட்டிப்போய் ஏதோ பேசி அனுப்பினார்கள். பிறகு பின்கட்டைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "யாரும் வெளியில வாயைத் திறக்கக் கூடாது" என்றார்கள். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

நுரைக்குது என்ற சொல்லை நான் உன் கடிதத்தில்தான் முதலில் படித்தேன்.

தங்கச்சி, மார்ச்சில் நான் ஒரு வரி எழுதினேனே, நிலா இருக்கிறதா பார் என்று. அது விளையாட்டு. வாய்க்கு வந்ததை எழுதுகிறவள் நான் என்று உனக்குத் தெரியும். நீ பிள்ளைக்குப் பூசவில்லைதானே? ஆமாம், இல்லை, ஒரு சொல் போதும்.

அக்கா

---

ஜூன் 29

தங்கச்சிக்கு.

மூன்று வாரமாகிறது. மீசையைக் கேட்டேன். "வாசல்லயே பிரிச்சுப் படிச்சாங்க அக்கா. படிச்சுட்டு கதவைச் சாத்திட்டாங்க. எப்பவும் தண்ணி குடுப்பாங்க, அன்னைக்கு அதுவும் இல்ல" என்றார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நீ எழுத வேண்டாம். இதை மட்டும் செய். பார்சலில் ஒரு சின்னப் பாட்டில் இருக்கிறது. மூடியைத் திறக்காதே, பிள்ளை கைக்கு எட்டாமல் வை. டின்னில் இருந்த பொடி அது. முதலாளியம்மா தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயம் காய்கிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. சாவியை நானே கேட்டு வாங்கினேன், துணி எடுக்கிறேன் என்று பொய் சொல்லி. இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள், பதினோரு வருஷ நம்பிக்கை.

பாட்டிலையும் வீட்டில் இருக்கிற டப்பாவையும் அந்த டாக்டரம்மாவிடம் கொடு. யார் கொடுத்தது என்று கேட்டால் என் அக்கா என்று சொல். கடை எங்கே என்று கேட்டால் அதையும் சொல். எனக்கு வேலை போகும் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. சதை எடுக்கிற நாளுக்கு முன்னால் கொடு.

அடிக்கெட்டி என்று எத்தனை பெருமையாக எழுதினேன். மேல்தண்ணியைப் பூசினவளுக்கே கால் அப்படி வீங்கியிருக்கிறது.

சிரிப்பாக ஒன்று எழுதி முடிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

அக்கா

---

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஆமாம்.

மார்ச் எட்டாம் தேதி தொடங்கினேன். குளித்த பிறகு கழுத்திலிருந்து பாதம் வரை. முதல் நாள் அவளே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். நீ விளையாடுகிறாய் என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷமாக உன்னைத் தெரியும். தெரிந்தே அந்த வரியைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். கண் வீங்கின பிறகும் பதினோரு நாள் பூசியிருக்கிறேன். கை கொஞ்சம் வெளுத்திருந்தது, விட மனசு வரவில்லை. டாக்டரம்மா 'கிரீம்' என்று கேட்டபோது டப்பா என் கைப்பையில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு இல்லை என்றேன்.

உன் ஜூன் கடிதம் வந்த பிறகும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நான் யாராக ஆவேன் என்று பயம். நீ பொடியை அனுப்பின பிறகுதான் போனேன். உனக்கு வேலையே போகும், நீ அனுப்பிவிட்டாய். எனக்குப் போக என்ன இருந்தது?

பாதரசம். பொடியில், கிரீமில், அவள் மூத்திரத்தில், எல்லாவற்றிலும். அவளுடைய துண்டிலும் தலையணை உறையிலும்கூட. என் மூத்திரத்திலும் கொஞ்சம். சதைப் பரிசோதனையும் அதையே சொல்கிறது. பாதரசத்தைப் பிடித்து வெளியே இழுக்கிற மருந்து தொடங்கியிருக்கிறார்கள். பூச்சை நிறுத்திவிட்டால் நிறையப் பிள்ளைகள் தேறிவிடுகிறார்களாம், மாதக்கணக்கில் ஆகுமாம். "நிறைய பிள்ளைங்க" என்றுதான் சொன்னார். "எல்லாரும்" என்று சொல்லவில்லை. உன் மாப்பிள்ளை என்னை ஒரு சொல் திட்டவில்லை. துண்டு, உறை, பாய் எல்லாவற்றையும் பையில் கட்டி, ஆஸ்பத்திரியில் சொன்ன இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது உன் உடம்பு. டப்பாவைச் சுற்றியிருந்த உன் கடிதத்தை டாக்டரம்மா பிரித்தார். படிக்கவில்லை, எழுத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இதை எழுதினது யாரு? வயசானவங்களா?" என்றார். ஐம்பதுகூட ஆகவில்லை, இந்தக் கிரீமைக் கிண்டுகிறவள் என்றேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, "அவங்களை நாளைக்கே டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார். பதினோரு வருஷம் நீ கிண்டியிருக்கிறாய், அக்கா. நான் என் மங்கு பற்றி எழுதினேன், பிள்ளையைப் பற்றி எழுதினேன். உன் எழுத்து ஆடுவது ஜனவரியிலிருந்து என் கண்ணெதிரில் இருந்தது.

போ. ஒத்தடம் மாதிரி போனதாகச் சொல்லாதே.

தங்கை

---

ஆகஸ்ட் 19

தங்கச்சிக்கு. போனேன். சத்தியமாகப் போனேன், சீட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்து அதில் பிடி என்றார்கள். ஆடுகிற கையோடு அதில் பிடிப்பது எப்படி என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "முயற்சி பண்ணுங்கம்மா" என்றாள். பாதி கிண்ணத்துக்கு, மீதி எனக்கு.

எனக்கும் இருக்கிறது. இரண்டு பிளஸ். பாதரசம் உன் பிள்ளைக்கு இருந்ததைவிட மூன்று பங்காம். ஈறில் ரத்தம் வந்ததும், ராத்திரி தூக்கம் கெட்டதும், ஒன்றுமில்லாததற்கு அழுகை வந்ததும் எல்லாம் அதுதானாம். வயசு என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மருந்து கொடுக்கிறார்கள். கடைக்குச் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து டின்னைத் தூக்கிப் போனார்கள். எனக்கு வேலை இல்லை. நான் வராத நாளில் கிண்டின இன்னும் இரண்டு பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கிண்ணத்தில் பிடித்துக் கொடுக்க வைத்தேன். ஒருத்திக்கு இருக்கிறது.

நீ ஆமாம் என்று எழுதினதைப் படித்தேன். சாக்காகப் பிடித்துக்கொண்டேன் என்கிறாய். பிடிக்கிற மாதிரி அதை நீட்டிக் கொடுத்தது யார்? பிறந்த நாளிலிருந்து நான் அவளை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டேன். என் நிறம் என்ற கொண்டாட்டத்தில் கூப்பிட்டேன். கூப்பிட்டவளுக்குக் கொண்டாட்டம், கேட்டவளுக்கு என்னவோ, ஒரு நாளும் கேட்கவில்லை. இனிமேல் அந்தப் பெயர் என் வாயில் வராது. பாப்பாவிடம் சொல், பெரியம்மா கேட்டாள் என்று. என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரியும், எழுத வரவில்லை.

பாப்பாவுக்கு எத்தனை பிளஸ்?

அக்கா

---

அக்டோபர் 4

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பா நலம். உங்கள் கை நலமா?

அம்மா எழுத உட்கார்ந்தார், நாலு காகிதம் கிழித்தார். அதனால் நான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்கலாம்.

எங்கள் வீட்டிலேயே குச்சி இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் மூத்திரத்தில் நான்தான் நனைப்பேன். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் புரதம். முதலில் கரும்பச்சை வந்தது. அப்புறம் இலைப்பச்சை. அப்புறம் பல நாள் இலைப்பச்சையாகவே இருந்தது. கால் பள்ளம் இப்போது விழுவதில்லை. முகமும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. கையும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா அதைத் தடவித் தடவிப் பார்க்கிறார். கூச்சமாக இருக்கிறது.

இன்றைக்குக் குச்சியைப் பார்த்து அம்மா "மஞ்சள்தான்" என்றார். அப்பா "லேசா பச்சை இருக்கே" என்றார். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சண்டை போட்டார்கள். நோட்டில் எழுதுவது நான். லேசான பச்சை என்றுதான் எழுதினேன். ஆசைப்பட்ட நிறத்தை எழுதக் கூடாது, வந்த நிறத்தைத்தான் எழுத வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் பாப்பா, பாப்பா என்று இருந்தது. யாரோ வேறு பிள்ளைக்கு எழுதின மாதிரி இருந்தது. வெளியில் யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நீங்கள் சொன்னால் எப்படி இருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன். நீங்கள் வந்தபிறகு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

மீசை மாமாவிடம் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், குச்சிதான். ஐம்பது இருக்கிறது. காலையில் எழுந்ததும் நனையுங்கள், மறந்துவிட்டுச் சும்மா எழுதாதீர்கள். என்ன நிறம் வந்ததோ அதையே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிறத்துப் பிள்ளை